வலிக்கு முன்னே வந்த மாத்திரை

ஊரூர் குப்பத்துக் கெங்கம்மாவிடம் ‘இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை’ என்று சொன்னால்கூட, சொன்ன ஆளின் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. நேற்றைய மீனின் செவுளில் இன்றைய மீனின் இரத்தத்தைத் தடவி வைத்து, ‘இப்பதான் கரைக்கு வந்தது’ என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்கிற உலகத்தில் பிறந்து வளர்ந்தவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவள் ஒரு மீனையும் நம்பியதில்லை. மனிதர்களுக்குச் செவுள் இல்லை என்பதுதான் அவளுடைய நெடுநாள் வருத்தம்.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக்குணம் என்று குப்பத்தில் சொல்வார்கள். அது பொய். அவள் புருஷன் அம்மாசி உயிரோடு இருந்தவரை அவளும் மற்ற பெண்களைப் போலச் சிரித்துப் பேசி, சொன்னதைக் கேட்டு நம்பிக்கொண்டுதான் இருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு விடியற்காலையில், அம்மாசியும் அவன் தம்பி கோபாலும் ஒரே கட்டுமரத்தில் போனார்கள். கோபால் மட்டும் திரும்பி வந்தான். கரையில் நின்ற கூட்டத்திடம் அவன் ‘அலை அடிச்சிட்ச்சி’ என்றான். சாயங்காலம் பெரியவர்கள் கூப்பிட்டுக் கேட்டபோது ‘கயிறு கால்ல சுத்திக்கிச்சி’ என்றான். இரண்டும் ஒன்றாகவே நடந்திருக்கலாம். கெங்கம்மா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அலையையும் கயிற்றையும் அவள் மறக்கவுமில்லை. அன்றிலிருந்து கோபால் வீட்டுத் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தாள். கோபாலின் பெண்சாதி தேசம்மா, அவளுக்கு ஓரகத்தி, பக்கத்துக் குடிசைக்காரி, வாய் நிறைய ‘யக்கா, யக்கா’ என்பாள். அந்த ‘யக்கா’வையும் கெங்கம்மா செவுளைத் தூக்கித்தான் பார்த்தாள்.

விதவையானவளுக்குக் குப்பத்துப் பெரியவர்கள் ஒரு வழி செய்து கொடுத்தார்கள். காலையில் கட்டுமரங்கள் கரை சேர்ந்ததும் மணலில் மீனைக் குவித்து ஏலம் கூறுகிற இடத்தில் அவளை உட்கார வைத்தார்கள். அவளுக்குக் குரல் அப்படி. கடல் இரைச்சலை மீறி, ‘ஒரு தரம்… ரெண்டு தரம்…’ என்று அவள் எடுத்தால், சைதாப்பேட்டைச் சந்தையிலிருந்து வந்த வியாபாரிகள் கடைசி வரிசையில் நின்றாலும் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும். அவளுக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த கிழவிக்கு முன்பற்கள் உதிர்ந்தபோது, ‘தரம்’ என்பது வெறும் காற்றாக வந்தது. வியாபாரிகள் சிரித்தார்கள். ஒரு மாசத்தில் இடம் போயிற்று.

குப்பத்தில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. கூறுகிறவள் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. காய்ச்சலோ சாவோ, மீன் காத்திருக்காது என்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் கெங்கம்மாவின் முன்பல் ஒன்று அவளை மிரட்டத் தொடங்கியது. மேல் வரிசையில் நட்டநடுவில் இருக்கும் பல். எப்போதோ கட்டுமரத்தில் இடறி விழுந்தபோது அடிபட்டுக் கறுத்துப் போனது, இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு, இப்போது வேரில் சீழ் வைத்து உதட்டை வீங்க வைத்தது. கிராம்பு வைத்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். வேப்பெண்ணெய் தடவினாள். பல் எதற்கும் மசியவில்லை.

“பிடுங்கிப் போட்டுட்டா நிம்மதி,” என்றார்கள் எல்லாரும். பிடுங்கினால் இடம் போய்விடும் என்று கெங்கம்மாவுக்குத் தெரியும். எல்லாரும் அது தெரிந்துதான் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

தேசம்மாதான் வந்து சொன்னாள். “யக்கா, மயிலாப்பூர் கச்சேரி ரோட்ல ஒரு பல் டாக்டர் கீறாராம். கல்கத்தாவுல படிச்சிட்டு வந்தவராம். பல்லப் புடுங்காமலே உள்ள கீற அழுக்க எடுத்துட்டு அடச்சிடுவாராம். போய்ப் பாரேன்.”

“உனக்கு யார் சொன்னா?”

“கேள்விப்பட்டேன்.”

“யார் கைல கேள்விப்பட்டே?”

தேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அட, போனா போ, போவாட்டி உடு,” என்று நழுவினாள். நழுவியதைக் கெங்கம்மா கவனித்துக்கொண்டாள். சனியன்று அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தபோது அவள் மனசில் ஒரே கேள்விதான். நான் போய்ச் சேர்ந்தால் இவளுக்கு என்ன லாபம்?

டாக்டர் பஞ்சாட்சரம் முப்பது வயசுக்காரர். மெலிந்த ஆள். கச்சேரி ரோட்டில் மாடி அறை. அறையில் ஒரு நாற்காலி, காலால் மிதித்தால் சுழலும் ஒரு யந்திரம், நிறையச் சின்னச் சின்ன கம்பிகள். காத்திருக்கும் நோயாளி ஒருவரும் இல்லை. கெங்கம்மாவுக்கு முதல் சந்தேகம் அங்கேயே விழுந்தது. நல்ல மீன் என்றால் கூட்டம் இல்லாமலா இருக்கும்?

அவர் பொறுமையாகப் பார்த்தார். “பல்லைக் காப்பாத்தலாம்மா. திங்கட்கிழமை வா. உள்ளே வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி மருந்து வைக்கிறேன். அப்புறம் புதன்கிழமை ஒரு தடவை,” என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் இரண்டு வெள்ளை மாத்திரைகளை மடித்துக் கொடுத்தார். “திங்கட்கிழமை கஞ்சி குடிச்சிட்டு, இங்கே வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணு முழுங்கிடு. இன்னொண்ணு சாயங்காலம்.”

“இது இன்னாத்துக்கு?”

“வலிக்கு.”

“இப்ப வலி அவ்ளோவா இல்லியே.”

“இப்பத்து வலிக்கு இல்லம்மா. திங்கட்கிழமை வரப்போற வலிக்கு. ஊசி போட்டு மரக்க வைப்பேன். அப்போ ஒண்ணும் தெரியாது. மரப்பு விட்ட பிறகுதான் வலி கிளம்பும். கிளம்பின பிறகு மருந்து சாப்பிட்டா அது வலியைத் துரத்திக்கிட்டு ஓடணும். முன்னாடியே உடம்புல இருந்தா வலி தலையெடுக்காது. காத்து மாறும்போதே நீங்க கட்டுமரத்தை மேட்டுக்கு இழுத்து வெச்சிடுறது இல்லையா? அந்த மாதிரி.”

கட்டுமரத்தைப் பற்றி மயிலாப்பூர்க்காரர் தனக்குச் சொல்லித் தருவது கெங்கம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதைவிட ஒன்று உறுத்தியது. வலி வருமென்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? வைக்கப் போகிறவனுக்குத்தானே தெரியும்! திருடன் முன்கூட்டியே வந்து ‘திங்கட்கிழமை உன் வீட்டில் பொருள் காணாமல் போகும்’ என்று சொன்னால் யாரை ஐயா பிடிப்பீர்கள்? மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி நடந்தாள்.

வலையில் தெரியாத மீன் வந்தால் குப்பத்தில் ஒரு பழக்கம். பார்க்க லட்சணமாக இருந்து, தின்றவன் குடலைப் புரட்டிப் போடும் மீன்கள் கடலில் உண்டு. அதனால் புது மீனில் ஒரு துண்டை அரிந்து பூனைக்குப் போடுவார்கள். பூனை தின்றுவிட்டு முகத்தை நக்கிக்கொண்டு வெயிலில் படுத்தால் மீன் குழம்புக்கு. பூனை தள்ளாடினால் மீன் மண்ணுக்கு. கெங்கம்மா தாய் வீட்டிலும் அப்படித்தான், மாமியார் வீட்டிலும் அப்படித்தான். ஒருநாளும் அந்தச் சோதனை பொய்த்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் அவள் ஒரு மாத்திரையை நுணுக்கி, காரப்பொடி என்கிற சின்ன மீனின் வயிற்றில் வைத்து, தன் குடிசையைச் சுற்றும் சாம்பல் பூனைக்குப் போட்டாள். பூனை ஆசையாகத் தின்றது. பொழுது சாய்வதற்குள் மூன்று தரம் வாந்தி எடுத்தது. பிறகு அடுப்பு மூலையில் துணிபோலச் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை.

கெங்கம்மாவுக்கு முதலில் பயம் வந்தது. பின்னால் ஒரு திருப்தியும் வந்தது என்றால் தப்பாக நினைக்கக் கூடாது. எட்டு வருஷமாகச் சந்தேகப்பட்டவளுக்கு முதல் முதலாகச் சாட்சி கிடைத்திருக்கிறது.

அப்படியானால் திங்கட்கிழமை அவள் போயிருக்கக் கூடாது. போனாள். பல் விடவில்லை. வழி நெடுக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். கம்பியும் ஊசியும் கண்ணுக்கு முன்னால் நடக்கிற காரியம், ஏதாவது கோணலாகத் தெரிந்தால் கையைக் கடித்துவிட்டு ஓடி வந்துவிடலாம். வயிற்றுக்குள் போன மாத்திரையை யார் காவல் காப்பது?

“மாத்திரை முழுங்கினியாம்மா?”

“ஆங், முழுங்கினேன்.”

அவர் நம்பினார். ஊசி போட்டார், உதடு மரக்கட்டை ஆயிற்று. காலால் யந்திரத்தை மிதித்துப் பல்லின் பின்புறம் ஒரு துளை போட்டார். மயிர் போன்ற கம்பியை உள்ளே விட்டு விட்டு எடுத்தார். கெங்கம்மா கண்ணைச் சிமிட்டாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி கடுகளவும் இல்லை. ‘இதுக்கா அந்த விஷம்’ என்று நினைத்தபடி வீடு வந்தாள்.

பாலம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. மரப்பு விட்டதும் வலி வந்தது. பல்லில் மட்டும் வந்திருந்தால் பொறுத்திருப்பாள். மூக்கு, கண்குழி, நெற்றி, காது என்று வீடு வீடாகப் புகுந்தது. பாயில் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. புருஷன் போன அன்றுகூட இப்படி அழவில்லை என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள். முந்தானையில் இன்னொரு மாத்திரை முடிந்தே இருந்தது. அதைத் தொட்டுப் பார்ப்பாள், அடுப்பு மூலையில் கிடக்கும் பூனையைப் பார்ப்பாள், கையை எடுத்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வாயைத் திறக்க முடியவில்லை. கட்டுமரங்கள் வந்து சேரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் காற்றோடு ஒரு குரல் வந்தது. “ஒரு தரம்… ரெண்டு தரம்…” தேசம்மாவின் குரல்!

கெங்கம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போது எல்லாம் வரிசையாகப் புரிந்துவிட்டது. கேள்விப்பட்டேன் என்று நழுவினாளே, இதற்குத்தானா? டாக்டருக்கு ஆளை அனுப்பியது இவள். மாத்திரையில் விஷம் வைத்தது அவன். விஷத்துக்குத் தப்பினாலும் பல்லில் வைத்த மருந்தால் வாயைக் கட்டிப் போட்டாயிற்று. அண்ணனைக் கடலில் விட்டு வந்த வீடு, அண்ணியை மட்டும் கரையில் விட்டு வைக்குமா?

புதன்கிழமையும் அந்தக் குரல் கேட்டது. இரண்டு நாள் ஆயிற்று. வியாழக்கிழமை போகாவிட்டால் மூன்று. இடம் போகும். இடம் போனால் கஞ்சிக்கு அந்தத் தேசம்மாவின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அதற்குப் பதில் கடலில் இறங்கிவிடலாம் என்று நினைத்தாள்.

புதன் காலை, கஞ்சியைக் கண்ணீரோடு விழுங்கிவிட்டு, பூனையை மீன் கூடையில் போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு கச்சேரி ரோட்டுக்கு நடந்தாள். மாடியேறி, டாக்டரின் மேஜைமேல் கூடையை இறக்கி மூடியைத் திறந்தாள். பூனை தலையைத் தூக்கி ஈனமாக ஒரு சத்தம் போட்டது.

“இது இன்னா டாக்டரே?”

“பூனை,” என்றார் பஞ்சாட்சரம். வேறு என்ன சொல்வார்?

“உன் மாத்திரயத் தின்னுட்டு மூணு நாளா இப்டிக் கெடக்குது. எனுக்குன்னு குடுத்த மாத்திர!”

அவருக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ நீ முழுங்கவே இல்லை. மாத்திரையே இல்லாம என் கம்பியைத் தாங்கிட்டுப் போயிருக்கே. அந்த வலியை எப்படிம்மா பொறுத்தே?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கெங்கம்மா அதையும் சந்தேகப்பட்டாள்.

“பூனைக்கு ஏன் இப்பிடி ஆச்சி? அதச் சொல்லு.”

“தெரியாதும்மா. நான் மனுஷங்க பல்லுக்குத்தான் படிச்சேன். அம்மாம் பெரிய உடம்புக்குக் கொடுக்கிற அளவு இத்தனூண்டு பூனை தாங்காதுன்னு மட்டும் சொல்லுவேன். பூனையைப் பத்தி அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அவள் கேட்டதில்லை. கோபால்கூட அன்று தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளோ என்னவோ. முந்தானையை அவிழ்த்து, மீந்திருந்த மாத்திரையை மேஜையில் வைத்தாள்.

“நீ முழுங்கு.”

“நானா?”

“வேற யாரு? உன் புட்டிலேர்ந்து எடுக்கக் கூடாது. இத முழுங்கு.”

பஞ்சாட்சரம் அந்த மாத்திரையை எடுத்தார். நாலு நாள் முந்தானையில் கிடந்து மீன் வாசம் ஏறியிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கினார்.

“வாயத் தொற.”

திறந்தார்.

“நாக்கத் தூக்கு.”

தூக்கினார். கெங்கம்மா மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இரண்டு கன்னத்துக்குள்ளும் பார்த்தாள். மாத்திரை எங்கும் இல்லை. “உனுக்கே கடவாயில ஒரு சொத்த கீதே,” என்றாள்.

“ஆமாம். அதைப் பார்க்க எனக்குத்தான் இன்னொரு டாக்டர் கிடைக்கலை,” என்றார் அவர்.

பிறகு புட்டியை மேஜைமேல் கவிழ்த்தார். குவியலின் நடுவிலிருந்து அவளே ஒன்றைப் பொறுக்கினாள். பொறுக்கினாலும் உடனே விழுங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, “பெரிய முள்ளு ஒரு சுத்து வரட்டும்,” என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவருக்கு வாந்தி வருகிறதா, கண் செருகுகிறதா, கை நடுங்குகிறதா என்று ஒரு மணி நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அவர் பேப்பர் படித்தார். ஒரு தடவை தும்மினார், கெங்கம்மா பாதி எழுந்துவிட்டாள். முள் ஒரு சுற்று வந்ததும் மாத்திரையை வாயில் போட்டு, கண்ணை இறுக மூடி, தண்ணீரை ஊற்றினாள். இன்னும் ஒரு மணி நேரம், இப்போது அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஊசி, யந்திரம், கம்பி. வேரை மருந்து வைத்து அடைத்து முடித்தபோது பத்தரை மணிக்கு வந்தவள் இரண்டு மணி ஆகியிருப்பதைக் கண்டாள்.

பூனையோடு வீடு திரும்பி, சாயங்காலத்துக்கென்று அவர் கொடுத்த மாத்திரையையும் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிட்டு, வலிக்காகக் காத்திருந்தாள். மரப்பு விட்டது. பல்லடியில் லேசாக ஒரு கனம். அவ்வளவுதான். அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அழுத்தியபடியே தூங்கிப் போனாள்.

வியாழக்கிழமை விடியலில் அவள் மணலுக்குப் போனபோது முதல் கட்டுமரத்து மீன் குவிந்திருந்தது. குவியலுக்குப் பக்கத்தில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். சைதாப்பேட்டை வியாபாரி வலியுல்லா, “வா கெங்கம்மா, பல்லு கீதா, குடுத்துட்டியா?” என்று சிரித்தார். தேசம்மா இவளைக் கண்டதும் தானாகவே எழுந்து நகர்ந்தாள். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அது பெரிய ஏமாற்றம். உட்கார்ந்தாள். மூச்சை இழுத்து, “ஒரு தரம்!” என்றாள். குரல் பழையபடி கடலை மீறிப் போயிற்று. அவளுக்குக் கண் கலங்கியது.

ஏலம் முடிந்து வியாபாரிகள் கூடைகளோடு கிளம்பியதும் தேசம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உண்மயச் சொல்லுடி. இன்னாத்துக்கு என்ன அந்த டாக்டர் கைல அனுப்ச்சே?”

தேசம்மா அக்கம் பக்கம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, விரலால் கன்னத்தை விலக்கிக் காட்டினாள். கடைவாயில் இரண்டு பற்கள் கறுத்துப் பாதி கரைந்திருந்தன. ஈறு தக்காளிபோல வீங்கியிருந்தது.

“ஆறு மாசமா யக்கா. பயம். நீ போய்ட்டு நல்லபடியா வந்தா, அப்பால நானும் போலாம்னு பாத்துக்கினு இருந்தேன்.”

“எனுக்கு எதனா ஆயிருந்தா?”

தேசம்மா மணலைப் பார்த்தாள்.

கெங்கம்மாவுக்கு இரத்தம் தலைக்கேறியது. அப்படியானால் தன் சந்தேகம் வீணில்லை! அறைவதற்குக் கையைக்கூட ஓங்கினாள். ஓங்கிய கைக்கு எதிரில் அந்த வீங்கிய கன்னம் இருந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டா இரண்டு நாள் ஏலம் கூறினாள்?

“இந்தப் பல்ல வெச்சிக்கினு ஏண்டி கூவுனே?”

“வேற யாரனா உக்காந்துட்டா அப்பால எழுந்திருப்பாளா? நானா இருந்தா நீ வந்தா எழுந்துப்பேன்ல.”

அது மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்கக் கெங்கம்மாவுக்கு வழி தெரியவில்லை. அந்தச் சொத்தை மட்டும் பொய்யில்லை, அதைக் கண்ணால் பார்த்தாள். ஓங்கிய கையை இறக்கினாள்.

“கெளம்பு. கச்சேரி ரோட்டுக்குப் போலாம். அவர் முன்கூட்டியே ஒரு மாத்திர குடுப்பாரு. வலி வர்றதுக்கு முன்னாடியே முழுங்கிடணும். அப்டிப் பண்ணா அவ்ளோவா வலிக்காது. நான் சொல்றேன், நம்பு.”

தேசம்மா நகரவில்லை. கன்னத்தைப் பிடித்தபடி, ஓரகத்தியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“எட்டு வருசத்துல நீ என்ன ஒரு நாளாச்சும் நம்பிக்கீறியா யக்கா?”

சமாதானமாக ஏதாவது சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. கெங்கம்மா அதை விழுங்கினாள்.

“இல்ல,” என்றாள்.

தேசம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “செரி, நட, நான் வரேன்,” என்றாள்.